தாமிரபரணிப் பாசனப் பகுதியில் வாழைக் கழிவுப் பயன்பாடு

வாழைக் கழிவுப் பயன்பாடு என்பது, தார் வெட்டிய பிறகு வயலில் எஞ்சும் வாழையின் பொய்த்தண்டு, மட்டை, இலை, பூ, கிழங்கு ஆகியவற்றை நார், உணவு, உரம், எரிவாயு முதலான பொருட்களாக மாற்றி, இறுதியில் எஞ்சுவதை மீண்டும் மண்ணுக்கே அளிக்கும் முறை ஆகும். இது சுழற்சி வேளாண்மையின் ஒரு வடிவம். தமிழ்நாட்டின் தூத்துக்குடி மாவட்டத்தில் ஏரல், ஸ்ரீவைகுண்டம், ஆத்தூர் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த தாமிரபரணிப் பாசனப் பகுதியில் நெல்லுக்கு அடுத்து வாழை முக்கிய நன்செய்ப் பயிராக விளங்குவதால், இம்முறை அங்கு வேளாண் தொழில் வாய்ப்பாகக் கருதத்தக்கது.

பின்னணி

ஏரல், தாமிரபரணிக் கரையில் அமைந்துள்ள பேரூராட்சியும் சுற்றுப்புறச் சிற்றூர்களுக்கான வணிக மையமும் ஆகும். 1986ஆம் ஆண்டு தூத்துக்குடி மாவட்டம் பிரிக்கப்படும் வரை இவ்வூர் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. பொதிகை மலையில் தோன்றி, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கும் தாமிரபரணியின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. இவற்றுள் கடைசியானது, 19ஆம் நூற்றாண்டில் பிரித்தானிய ஆட்சிக் காலத்தில் கட்டப்பட்ட ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு. இதிலிருந்து பிரியும் வடகாலும் தென்காலும் ஆற்றின் இரு கரைகளிலும் உள்ள குளங்களையும் வயல்களையும் நிரப்புகின்றன.

இப்பகுதியில் கார், பிசானம் ஆகிய நெற்பருவங்களோடு வாழையும் பயிரிடப்படுகிறது. ஏத்தன், கோழிக்கூடு, கதலி, நாடு, சக்கை முதலான வட்டாரப் பெயர்களில் பல வகைகள் உள்ளன. பழத்துக்காக மட்டுமன்றி இலைக்காகவும் வாழை வளர்க்கப்படுகிறது. தமிழ்நாடு அரசு ஒருமுறை பயன்படுத்தும் 14 வகை நெகிழிப் பொருட்களை 2019 சனவரி 1 முதல் தடை செய்தபோது, அவற்றுக்கு மாற்றாகப் பரிந்துரைக்கப்பட்ட பொருட்களுள் வாழையிலையும் ஒன்று.

கழிவின் அளவும் இயல்பும்

வாழை மரம் என்று வழங்கினாலும் அது மரமன்று. மட்டைகள் ஒன்றன் மேல் ஒன்றாகச் சுற்றி அமைந்த பொய்த்தண்டை உடைய பெரும் பூண்டுத் தாவரம் அது. ஒரு பொய்த்தண்டு ஒரே ஒருமுறைதான் தார் ஈனும். தார் வெட்டியபின் அதனை அகற்றிவிட்டு, பக்கக்கன்றை மறுதாம்பாக வளர்ப்பதோ நிலத்தை உழுது வேறு பயிர் இடுவதோ வழக்கம். எனவே ஒவ்வொரு அறுவடையும் பழத்தைவிட எடை மிகுந்த கழிவை விட்டுச் செல்கிறது. ஒரு எக்டேருக்கு ஏறத்தாழ 60 முதல் 80 டன் பொய்த்தண்டு கிடைப்பதாக மதிப்பிடப்படுகிறது.

இதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீர். மிகுதியில் நார், மாவுப்பொருள், தாது உப்புகள் ஆகியவை உள்ளன. தாது உப்புகளுள் முதன்மையானது பொட்டாசியம். வாழை மண்ணிலிருந்து மிகுதியாக உறிஞ்சும் ஊட்டச்சத்து இதுவே. உறிஞ்சியதில் கணிசமான பகுதி பழத்துக்குச் செல்லாமல் தண்டிலும் இலையிலும் தங்கிவிடுகிறது. இந்தியா தன் பொட்டாசு உரத் தேவையின் பெரும்பகுதியை வெளிநாடுகளிலிருந்து இறக்குமதி செய்கிறது. ஆகவே, தண்டை வயலுக்கு வெளியே வீசும் உழவர், தம் நிலத்துச் சத்தை இழந்து அதையே பின்னர் உரமூட்டையாக விலை கொடுத்து வாங்குகிறார் எனலாம்.

கழிவை அகற்றுவதற்கும் கூலி செலவாகிறது. வரப்பிலும் கால்வாயிலும் தள்ளப்படும் தண்டுகள் நீரோட்டத்தைத் தடுக்கின்றன. வயலில் குவிந்து அழுகும் தண்டுகள், தண்டுத் துளைப்பான் கூன்வண்டு பெருகுவதற்கு இடமளிக்கின்றன.

மரபு வழிப் பயன்பாடுகள்

வாழையின் எந்தப் பகுதியையும் வீணாக்காமை தமிழர் வாழ்வில் புதிதன்று. பூவும் உட்தண்டும் கறியாகின்றன. இலை உண்கலமாகிறது. காய்ந்த இலையான சருகு பொட்டலம் கட்டவும், மட்டையிலிருந்து கிழித்த நார் பூத்தொடுக்கவும் பயன்பட்டு வருகின்றன. விழா வாயில்களில் தாருடன் கூடிய முழு வாழையே கட்டப்படுகிறது. ஆனால் இப்பயன்பாடுகள் யாவும் சேர்ந்தும், பரந்த அளவில் நடைபெறும் வணிகச் சாகுபடியின் கழிவில் சிறு பங்கையே உள்வாங்குகின்றன.

செயல்முறை

பொய்த்தண்டை முழுமையாகப் பயன்படுத்தும் முறையில் அது நான்கு பகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது.

1. நார்: அறுவடை செய்த புதுத்தண்டின் மட்டைகள் உரிக்கப்பட்டு, சுழலும் உருளையில் தகடுகள் பொருத்திய இயந்திரத்தில் செலுத்தப்படுகின்றன. தகடுகள் சதைப்பகுதியைச் சுரண்டி நீக்க, நார் தனியாகிறது. நார் கழுவி உலர்த்தப்பட்டுக் கயிறு, பாய், பை, கைவினைப் பொருட்கள், கைம்முறைக் காகிதம் ஆகியன செய்ய உதவுகிறது. தண்டு பழையதானால் நாரின் நிறமும் தரமும் குறையும்.

2. சதைக் கழிவு: இயந்திரத்தில் சுரண்டப்பட்ட பகுதி. இது சாணத்துடன் கலந்து மட்கவைக்கப்பட்டு மண்புழு உரமாகிறது. சாண எரிவாயுக் கலனிலும் இதனைச் சேர்க்கலாம்.

3. சாறு: பொட்டாசியமும் நுண்சத்துக்களும் கொண்ட நீர்மம். பதப்படுத்தப்பட்டு நீர்ம உரமாகிறது.

4. உட்தண்டு: உண்ணத்தக்க நடுப்பகுதி. ஊறுகாய், சாறு, இனிப்புத் துண்டுகள் முதலியன தயாரிக்கலாம்.

குசராத்து மாநிலத்தில் உள்ள நவ்சாரி வேளாண்மைப் பல்கலைக்கழகம், தேசிய வேளாண் புத்தாக்கத் திட்டத்தின் கீழ் இந்நான்கு வழிகளையும் இணைத்து ஆய்வு செய்தது. தண்டுச் சாற்றிலிருந்து அது உருவாக்கிய நீர்ம உரம் 'நோவெல்' என்னும் பெயரால் அறியப்படுகிறது. தமிழ்நாட்டில், திருச்சிராப்பள்ளியில் 1993ஆம் ஆண்டு நிறுவப்பட்ட தேசிய வாழை ஆராய்ச்சி மையம் வாழை மாவு, பூ, தண்டு ஆகியவற்றின் மதிப்புக்கூட்டுப் பொருட்கள் பற்றிய ஆய்வையும் பயிற்சியையும் மேற்கொள்கிறது. ஏரல் பகுதிக்கு அண்மையில் உள்ள வேளாண் கல்வி நிறுவனம், கிள்ளிகுளத்தில் அமைந்துள்ள வ. உ. சிதம்பரனார் வேளாண்மைக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையம் ஆகும்.

பிற நாடுகளில்

சப்பானின் ஒக்கினாவா தீவில், கிசோக்கா என்னும் சிற்றூரில் நாருக்கென வளர்க்கப்படும் வாழை இனத்திலிருந்து 'பசோபு' என்னும் மெல்லிய துணி கையால் நெய்யப்படுகிறது. பிலிப்பைன்சில் பயிரிடப்படும் அபாக்கா, வாழைக் குடும்பத்தைச் சேர்ந்த நார்ப்பயிர். இதன் நார் கப்பற்கயிறு, தேயிலைப் பொட்டலத் தாள், பணத்தாள் ஆகியவற்றுக்குப் பயன்படுகிறது. இவை இரண்டும் நாருக்காகவே வளர்க்கப்படுபவை. தாமிரபரணிப் பகுதியிலோ நார் ஒரு துணைப்பொருள். ஆகவே அந்நாட்டு முறைகளை இங்கு அப்படியே பொருத்திப் பார்க்க இயலாது.

தொழில் வாய்ப்பும் கணக்கும்

பொய்த்தண்டிலிருந்து கிடைக்கும் உலர்நார், பச்சைத் தண்டின் எடையில் ஏறத்தாழ ஒரு விழுக்காடே ஆகும். எடுத்துக்காட்டாக, 60 டன் தண்டிலிருந்து சுமார் 600 கிலோகிராம் நார் கிடைக்கும். நாரை மட்டும் விற்கும் தொழிற்கூடம், மீதமுள்ள 99 விழுக்காட்டை வயலிலிருந்து தன் வாசலுக்கு இடம் மாற்றுகிறதே தவிரக் கழிவை ஒழிப்பதில்லை. எனவே நார், உரம், உணவு ஆகியவை ஒரே இடத்தில் இணைந்து நடைபெற்றால்தான் இதனைச் சுழற்சி முறை எனக் கூற முடியும்.

தண்டில் நீரே மிகுதி என்பதால் அதனைத் தொலைவுக்கு ஏற்றிச் செல்வது, பெரும்பாலும் நீரைச் சுமந்து செல்வதே ஆகும். இதனால் பெரிய ஆலை ஒன்றைவிட, வயல்களை அடுத்து அமையும் சிறு கூடங்களே ஏற்றவை. சிற்றூரிலேயே வேலை உருவாகும் என்பது இதன் பயன்களுள் ஒன்று. மகளிர் சுயஉதவிக் குழுக்களும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் இத்தகைய கூடங்களை நடத்தப் பொருத்தமானவை. உணவுப் பொருள் தயாரிக்கும் சிறு தொழில்களுக்காக இந்திய அரசு 2020ஆம் ஆண்டு தொடங்கிய குறு உணவு பதப்படுத்தும் தொழில் நிறுவனங்களை முறைப்படுத்தும் திட்டம், தகுதியுள்ள திட்டச் செலவில் 35 விழுக்காடு வரை, உச்ச அளவாக 10 இலட்சம் ரூபாய், கடனுடன் இணைந்த மானியம் வழங்க வகைசெய்தது.

சிக்கல்கள்

சத்துத் திரும்பாமை: தண்டை இலவசமாக எடுத்துச் செல்லும் கூடம் உழவரின் அகற்றும் கூலியை மிச்சப்படுத்துகிறது. ஆனால் உரம் அதே வயலுக்குத் திரும்பாவிடில் மண் வறியதாகும். ஓராண்டுக் குத்தகைக்குப் பயிரிடுபவருக்கு அடுத்த ஆண்டின் மண்வளத்தில் அக்கறை கொள்ளக் காரணம் குறைவு. எடுத்த தண்டுக்கு ஈடாகக் குறிப்பிட்ட அளவு உரம் தருவதாக ஒப்பந்தம் செய்வது இதற்கு ஒரு தீர்வாகும்.

நோய் பரவல்: வாடல் நோய், முடிக்கொத்து நோய் ஆகியவை தாக்கிய மரங்களையும் கிழங்குகளையும் வேறிடம் கொண்டு செல்லுதல் கூடாது. வாடல் நோய்ப் பூசணம் மண்ணில் பல்லாண்டுகள் உயிர்த்திருக்கும். ஆதலால் நோயுற்ற வயலின் கழிவு தனியாக ஒதுக்கப்பட வேண்டும்.

வெள்ளமும் காற்றும்: 2023 திசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் பெய்த பெருமழையின்போது காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பதிவானது. தாமிரபரணி வெள்ளம் ஏரலைச் சூழ்ந்தது. ஆற்றுப் பாலம் சேதமடைந்து போக்குவரத்து துண்டிக்கப்பட்டது. நெல், வாழைப் பயிர்கள் பெரும் இழப்புக்கு உள்ளாயின. இத்தகைய காலங்களில் ஒரே நேரத்தில் அளவுக்கு மீறிய கழிவும், அதன்பின் பல மாதங்களுக்கு மூலப்பொருள் பற்றாக்குறையும் ஏற்படும். எனவே கூடத்தை மேட்டுப்பாங்கான இடத்தில் அமைப்பதும், வைக்கோல், தென்னைக் கழிவு போன்ற பிற மூலப்பொருட்களையும் ஏற்கும் வகையில் உரப்பிரிவைத் திட்டமிடுவதும் தேவையாகின்றன.

இவற்றையும் பார்க்க

வாழை
தாமிரபரணி ஆறு
ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு
மண்புழு உரம்