பாண்டியில் பட்ஜெட் ரூம் எடுக்கப் போறீங்களா? வாடகை குறைவுன்னா உரிமையும் குறைவா? முழு விளக்கம்

சென்னையில் இருந்து சுமார் 150 கி.மீ. சாயங்காலம் பஸ் ஏறினால் ராத்திரி புதுச்சேரி. அதனால்தான் லீவு வந்தாலே 'பாண்டி போலாமா?' என்ற பேச்சும் வந்துவிடுகிறது. பஸ் டிக்கெட், சாப்பாடு எல்லாம் ஒரு கணக்குக்குள் அடங்கிவிடும். பட்ஜெட்டை எகிற வைப்பது ரூம் வாடகைதான்.

ஆப்பில் 'பீச் பக்கத்தில்' என்று போட்டிருப்பார்கள், இறங்கிப் பார்த்தால் கடல் ரொம்ப தூரத்தில் இருக்கும். புக்கிங் கன்ஃபார்ம் ஆகியிருக்கும், ரிசப்ஷனில் 'ரூம் இல்லை சார்' என்பார்கள். ராத்திரி 11 மணிக்கு தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிற குடும்பம் என்ன செய்யும்? கேட்ட பணத்தைக் கொடுத்துவிட்டு மேலே போகும்.

குறைந்த வாடகைக்கு வசதி குறையலாம். ஆனால் சட்டம் தரும் உரிமை குறையாது. புதுச்சேரியில் பட்ஜெட் ரூம் எடுப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ரூம் எந்தப் பக்கம்? முதல்ல வாய்க்காலைப் பாருங்க

புதுச்சேரி நகரின் பழைய பகுதியை பெரிய வாய்க்கால் இரண்டாகப் பிரிக்கிறது. வாய்க்காலுக்குக் கிழக்கே, கடல் பக்கம் இருப்பது 'ஒயிட் டவுன்' எனப்படும் பிரெஞ்சுப் பகுதி. மேற்கே இருப்பது தமிழர் பகுதி.

1674-ல் பிரெஞ்சுக்காரர்கள் இங்கே வந்தார்கள். 1693-ல் டச்சுக்காரர்கள் ஊரைக் கைப்பற்றினார்கள். இன்று நாம் பார்க்கும் நேர்கோட்டு வீதிகளுக்கு அவர்கள் போட்ட திட்டம்தான் அடிப்படை. 1761-ல் ஆங்கிலேயர்கள் நகரை இடித்துத் தள்ளினார்கள். அதன் பிறகு திரும்பக் கட்டப்பட்டதுதான் இப்போது இருக்கும் பிரெஞ்சுப் பகுதி.

இதற்கும் ரூமுக்கும் என்ன சம்பந்தம்? நிறைய இருக்கு. மஞ்சள் சுவரும் காகிதப்பூக் கொடியுமாக இன்ஸ்டாவில் நீங்கள் பார்க்கும் வீடுகள் ஒயிட் டவுனில்தான் அதிகம். பழைய வீடுகளை ஹோட்டலாக மாற்றியிருப்பதால் அங்கே வாடகையும் அதிகம். பட்ஜெட் ரூம்கள் பெரும்பாலும் வாய்க்காலுக்கு மேற்கே கிடைக்கும். மிஷன் வீதி, நேரு வீதி, அண்ணா சாலை, புதிய பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள பகுதி என்று தேடுங்கள்.

மேற்கே தங்குவதால் பெரிய நஷ்டம் இல்லை. மிஷன் வீதி, நேரு வீதிப் பக்கம் தங்கினால் கடற்கரைச் சாலைக்கு நடந்தே போகலாம். திண்ணை, தாழ்வாரம், முற்றம் வைத்த பழைய தமிழ் வீடுகள் இந்தப் பக்கம்தான் இருக்கின்றன. துய்ப்ளேயின் துபாஷியாக இருந்து நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகையும், பாரதியார் வாழ்ந்த வீடும் வாய்க்காலுக்கு மேற்கேதான்.

ரயிலில் வருபவர்களுக்கு ஸ்டேஷன் பக்கமே வசதி. நகரின் தெற்கு ஓரத்தில் உள்ள சுப்பையா சாலையில் ஸ்டேஷன் இருக்கிறது. கடற்கரை அங்கிருந்து தூரமில்லை. பேருந்து நிலையத்தில் இருந்து கடற்கரைக்கு சுமார் 2 கி.மீ. லக்கேஜ் இருந்தால் ஆட்டோதான். ஏறும் முன்பே கட்டணம் பேசிவிடுங்கள்.

'பாண்டிச்சேரி'ன்னு போட்டிருக்கும்... ஆனா அது தமிழ்நாடு!

புதுச்சேரி ஒரே துண்டான நிலப்பரப்பு அல்ல. நடுநடுவே தமிழ்நாட்டுப் பகுதி வரும். உதாரணத்துக்கு, நகரை விட்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் கோட்டக்குப்பம் வரும். அது தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டம். இன்னும் மேலே போனால் காலாப்பட்டு, அது மறுபடியும் புதுச்சேரி. ஆரோவில்லின் பெரும்பகுதியும் விழுப்புரம் மாவட்டத்தில்தான் இருக்கிறது.

ஆனால் ஆப்களில் எல்லா ஹோட்டலும் 'பாண்டிச்சேரி' என்றே வரும். பார்டர் எந்தப் பக்கம் என்பது இரண்டு விஷயங்களில் முக்கியம். ஒன்று, பிரச்னை வந்தால் எந்த மாநில போலீஸ் என்பது மாறும். இரண்டாவது, புதுச்சேரியில் வாங்கிய மதுபாட்டிலோடு கோட்டக்குப்பம் பக்கம் உள்ள ரூமுக்குப் போனால், வெளி மாநில மதுவை தமிழ்நாட்டுக்குள் கொண்டுவந்தவர் ஆகிவிடுவீர்கள். செக்போஸ்ட்டில் பிடித்தால் வழக்கு.

எப்படிக் கண்டுபிடிப்பது? மேப்பில் முகவரியின் பின்கோடு, மாவட்டத்தைப் பாருங்கள். பில்லிலும் ஒரு வழி இருக்கு. ஹோட்டலின் ஜிஎஸ்டி எண் 34 என்று தொடங்கினால் புதுச்சேரி. 33 என்று தொடங்கினால் தமிழ்நாடு.

வாடகை எப்போ ஏறும்?

வெள்ளி, சனி ராத்திரிகளில் வாடகை கணிசமாக ஏறும். அதே ரூம் செவ்வாய், புதன்கிழமையில் எவ்வளவு காட்டுகிறது என்று ஒருமுறை பார்த்தாலே வித்தியாசம் புரியும். லீவு போட முடிந்தவர்களுக்கு வாரத்தின் நடுநாட்கள்தான் லாபம்.

புத்தாண்டு, பொங்கல் விடுமுறை தவிர இந்த ஊருக்கே உரிய சில தேதிகளும் உண்டு:

- பிப்ரவரி 21: அரவிந்தர் ஆசிரமத்தின் அன்னை பிறந்தநாள்.
- ஜூலை 14: பிரெஞ்சு தேசிய தினம். இங்கேயும் கொண்டாடப்படுகிறது.
- ஆகஸ்ட் 15: சுதந்திர தினத்தோடு அரவிந்தரின் பிறந்தநாளும் சேர்ந்து வருகிறது.
- நவம்பர் 1: 1954-ல் பிரெஞ்சு நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்த நாள். புதுச்சேரி விடுதலை நாள்.

இந்தத் தேதிகளை ஒட்டி வார இறுதியும் வந்தால், முன்கூட்டியே புக் செய்யாமல் கிளம்ப வேண்டாம்.

பில்லில் என்னென்ன இருக்கலாம்?

ஒரு நாள் வாடகை ரூ.7,500 வரை உள்ள ரூம்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 5 சதவீதம். அதற்கு முன்பு 12 சதவீதமாக இருந்தது. அதாவது ரூ.1,500 ரூமுக்கு வரி ரூ.75. மொத்தம் ரூ.1,575. பழைய கணக்கில் ரூ.180 போட்டிருந்தால் கேள்வி கேளுங்கள்.

ஜிஎஸ்டி பதிவே இல்லாத சின்ன லாட்ஜ், தன் பில்லில் ஜிஎஸ்டி வசூலிக்க முடியாது. பில்லில் 15 இலக்க எண் இருக்கிறதா பாருங்கள். 'பில் வேணாம்னா குறைச்சுக்கலாம்' என்று சொன்னால் யோசியுங்கள். பில் இல்லை என்றால் பின்னால் புகார் செய்யும்போது உங்கள் கையில் ஆதாரமும் இல்லை.

சர்வீஸ் சார்ஜ் வேறு விஷயம். ஹோட்டல்களும் உணவகங்களும் அதைத் தானாக பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. விருப்பம் இருந்தால் கொடுக்கலாம். கட்டாயம் இல்லை.

24 மணி நேரமா, பகல் 12 மணியா?

பலரும் பணத்தை விடும் இடம் இதுதான். பழைய பாணி லாட்ஜ்களில் '24 மணி நேர செக்-அவுட்' இருக்கும். காலை 6 மணிக்குப் போனால் மறுநாள் காலை 6 வரை ரூம் உங்களுடையது. ஆப்பில் வரும் ஹோட்டல்கள் பலவற்றில் மதியத்துக்கு மேல்தான் செக்-இன், மறுநாள் பகல் 11 அல்லது 12 மணிக்கு செக்-அவுட்.

ராத்திரி பஸ் பிடித்து விடியற்காலை இறங்குபவர்கள் இரண்டாவது வகையில் புக் செய்தால், ஒன்று வெளியே காத்திருக்க வேண்டும், இல்லை அரை நாள் வாடகை சேர்த்துக் கொடுக்க வேண்டும். புக் பண்றதுக்கு முன்னாடியே போன் போட்டு, 'காலையில 6 மணிக்கு வருவோம், எக்ஸ்ட்ரா உண்டா?' என்று கேட்டுவிடுங்கள். எக்ஸ்ட்ரா பெட், குழந்தைக்குத் தனிக் கட்டணம், பார்க்கிங் மூன்றையும் அதே போனில் கேட்கலாம். ஒயிட் டவுன் வீதிகளில் கார் நிறுத்த இடம் கிடைப்பது கஷ்டம். கடற்கரைச் சாலையிலும் மாலை 6 மணியில் இருந்து காலை 7.30 வரை வாகனங்களுக்கு அனுமதி இல்லை.

ஆதார் கொடுத்தே ஆகணுமா?

தங்குபவரின் அடையாளத்தைப் பதிவு செய்வது ஹோட்டலின் கடமை. ஆனால் அது ஆதாராகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை, பாஸ்போர்ட் காட்டலாம். பான் கார்டில் முகவரி இல்லாததால் பல இடங்களில் ஏற்க மாட்டார்கள்.

ஆதார்தான் இருக்கிறது என்றால், முதல் 8 எண்கள் மறைக்கப்பட்ட 'மாஸ்க்டு ஆதார்' நகலை ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில் டவுன்லோடு செய்து கொடுக்கலாம். அசல் அட்டையை ரிசப்ஷனில் விட்டுவிட்டுப் போக வேண்டாம்.

இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என வெளிநாட்டு பாஸ்போர்ட்டில் வரும் உறவினர் கூட வந்தால் ஒரு விஷயம். அவர்களின் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் ஹோட்டல் ஆன்லைனில் தெரிவிக்க வேண்டும். அதற்கான ஏற்பாடு இல்லாத சின்ன லாட்ஜ்கள் ரூம் தர மறுக்கும். முன்பே கேட்டுவிட்டால் அலைச்சல் மிச்சம்.

கல்யாணம் ஆகாத ஜோடி தங்கலாமா?

தங்கலாம். தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை. கோவையில் ஒரு விடுதிக்கு அதிகாரிகள் சீல் வைத்த வழக்கில், 2019 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. எதிர்பாலினத்தைச் சேர்ந்த, திருமணமாகாத இரண்டு பேர் ஹோட்டல் அறையில் விருந்தினராகத் தங்குவதைத் தடை செய்யும் சட்டமோ விதியோ இல்லை என்றது நீதிமன்றம். புதுச்சேரியும் சென்னை உயர் நீதிமன்றத்தின் எல்லைக்குள்தான் வருகிறது.

ஆனா நடைமுறை வேற. சில ஹோட்டல்கள் தங்கள் விதி என்று சொல்லி மறுக்கின்றன. உள்ளூர் முகவரி இருந்தால் ரூம் இல்லை என்பவர்களும் உண்டு. ஆப்பில் 'ஹோட்டல் விதிகள்' பகுதியில் இது எழுதியிருக்கும். அங்கே எதுவும் சொல்லாமல் பணத்தை வாங்கிவிட்டு, வாசலில் வைத்து மறுத்தால் முழுப் பணத்தையும் திரும்பக் கேட்கலாம். இருவருக்கும் 18 வயது நிறைந்ததற்கான அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.

புக்கிங் இருக்கு, ரூம் இல்லைங்கிறாங்க. என்ன செய்வது?

கோபப்படுவதற்கு முன் இதைச் செய்யுங்கள்:

1. ரிசப்ஷனில் நின்றபடியே ஆப்பின் உதவி மையத்துக்குப் போன் செய்யுங்கள். சாட் வசதி இருந்தால் அதிலும் எழுதுங்கள். எழுத்தில் இருப்பதுதான் ஆதாரம்.
2. அதே தரத்தில் மாற்று ரூம், இல்லையென்றால் முழுப் பணம். இரண்டில் ஒன்றைக் கேளுங்கள்.
3. புக்கிங், பணம் கட்டிய ரசீது, சாட் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்.
4. 'நீங்களே கேன்சல் பண்ணிடுங்க' என்று சொன்னால் செய்யாதீர்கள். நீங்கள் ரத்து செய்ததாகப் பதிவானால் ரீஃபண்ட் சிக்கலாகும்.

தீர்வு வரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுக்கலாம். அடுத்த கட்டம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். மதுரைக்காரர் இதற்காக மறுபடி புதுச்சேரி வர வேண்டியதில்லை. நீங்கள் கொடுத்த தொகை ரூ.5 லட்சத்துக்குள் இருந்தால் வழக்குக் கட்டணமும் கிடையாது. 2 ஆண்டுகளுக்குள் போட வேண்டும்.

ரூமுக்குள்ள போனதும் 5 நிமிஷம்

பையை இறக்கி வைத்ததும் முதலில் படிக்கட்டைப் பாருங்கள். 2025 ஏப்ரலில் கொல்கத்தாவில் ஒரு பட்ஜெட் ஹோட்டலில் ஏற்பட்ட தீ விபத்தில் 14 பேர் இறந்தனர். பலருக்கு எமனாக வந்தது தீ அல்ல, புகை. பழைய வீடுகளையும் குறுகலான கட்டடங்களையும் லாட்ஜாக மாற்றிய இடங்களில் ஒரே படிக்கட்டுதான் இருக்கும். வெளியேற இரண்டாவது வழி உண்டா, படிக்கட்டில் சாமான்கள் அடைத்து வைத்திருக்கிறார்களா, ஜன்னல் திறக்கிறதா என்று பாருங்கள். ஜன்னலே இல்லாத ரூம் என்றால் மாற்றிக் கேளுங்கள்.

அடுத்து தண்ணீர். கடலோர ஊர் என்பதால் நிலத்தடி நீரில் உப்பு கலந்திருக்கும். குளிக்கும் தண்ணீர் உப்புக் கரித்தால் அது ஹோட்டலின் குறை என்று சொல்ல முடியாது. ஆனால் குடிக்க கேன் தண்ணீர் தருகிறார்களா என்று கேளுங்கள்.

கண்ணாடி, ஸ்மோக் அலாரம், படுக்கைக்கு எதிரே இருக்கும் பிளக் பாயிண்ட் ஆகியவற்றையும் ஒரு பார்வை பாருங்கள். மறைத்து வைத்த கேமரா போல எதுவும் தெரிந்தால் கழற்றாமல் போட்டோ எடுத்துக்கொண்டு 112-ஐ அழையுங்கள். பெண்களை அந்தரங்கமாகப் படம் எடுப்பது பாரதிய நியாய சன்ஹிதா 77-வது பிரிவின்படி குற்றம். முதல் முறை குற்றத்துக்கே ஓராண்டு முதல் 3 ஆண்டுகள் வரை சிறை.

ஆசிரம விடுதி எப்படி?

அரவிந்தர் ஆசிரமத்தின் விருந்தினர் விடுதிகள் சுத்தத்துக்குப் பேர் போனவை. கடலைப் பார்த்த மாதிரியே இருக்கும் விடுதியும் உண்டு. ஆனால் மது, புகைக்கு இடமில்லை. ராத்திரி குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். குடும்பமாக அமைதியாகத் தங்க நினைப்பவர்களுக்கு நல்ல இடம். ராத்திரி ஊர் சுற்றும் திட்டம் இருந்தால் சரிப்பட்டு வராது.

சேவ் பண்ணி வைக்க வேண்டிய எண்கள்

- அவசர உதவி: 112
- பெண்கள் உதவி எண்: 181
- நுகர்வோர் உதவி எண்: 1915

கிளம்பும் முன் மேப்பில் இடத்தையும், போனில் செக்-இன் நேரத்தையும் உறுதி செய்துகொள்ளுங்கள். தங்கி முடித்ததும் பில்லைக் கேட்டு வாங்குங்கள். ஆயிரம் ரூபாய் ரூமோ, பத்தாயிரம் ரூபாய் ரூமோ, பணம் கட்டித் தங்கும் எல்லோருக்கும் நுகர்வோர் சட்டம் ஒன்றுதான்.