யாழ்ப்பாணத்துக் கல்லூரிகள்: ஓர் ஒப்புநோக்கு

க.பொ.த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகுங்காலை, எந்தக் கல்லூரி முந்தியது, எந்தக் கல்லூரி பிந்தியது என்னும் ஆராய்ச்சி யாழ்ப்பாணத்துத் திண்ணைகளிலும் சந்திகளிலும் தவறாது நிகழ்கின்றது. தாம் பயின்ற கல்லூரியின்பால் ஒருவர் பற்றுக்கொள்ளுதல் இயல்பே. அதனைக் குறைகூறுதல் எம் கருத்தன்று. ஆயின், ஒப்பிடுதல் ஒத்த நிலையிலுள்ளவற்றிடையே நிகழ்தற்பாலது. ஒரு பாடசாலை யாரை உள்ளே அழைத்தது, யாரை வாயிலில் நிறுத்தியது, அதன் செலவை யார் தாங்கினர் என்பவற்றை வினவாது பெறுபேற்றை மாத்திரம் எண்ணுவது, கிணற்றை எட்டிப் பாராது துலாவின் நீளத்தை அளப்பதை ஒக்கும். இவ்வினாக்களை முன்வைத்து நம் கல்லூரிகளின் வரலாற்றை ஒருமுறை நோக்குவாம்.

பிரித்தானியர் ஆட்சியின் தொடக்கத்தில், புரட்டஸ்தாந்து சமயத்தைச் சார்ந்த மூன்று சபைகள் குடாநாட்டைத் தம்முட் பங்கிட்டுக்கொண்டன. 1816இல் வந்த அமெரிக்க மிஷனார் தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, உடுவில், மானிப்பாய் முதலிய வலிகாமத்துக் கிராமங்களை மேற்கொண்டனர். உவெஸ்லியன் மிஷனார் பட்டினத்தையும் பருத்தித்துறையையும் தமக்கு நிலைக்களமாக்கினர். 1818இல் வந்த திருச்சபை மிஷனார் நல்லூரில் அமர்ந்து, பின்னர்ச் சுண்டுக்குளியில் வேரூன்றினர். இன்று தெல்லிப்பழை யூனியன் கல்லூரி, வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரி, மத்திய கல்லூரி, ஹாட்லிக் கல்லூரி, பரி. யோவான் கல்லூரி என நாம் வழங்கும் பெயர்களின் பின்னே அப்பழைய பங்கீட்டின் எல்லைக் கோடுகளே கிடக்கின்றன. கத்தோலிக்கர் 1850இல் தொடங்கிய பாடசாலையே பிற்காலத்திற் சம்பத்திரிசியார் கல்லூரியாயிற்று. இவ்வாறு, சில மைல் தொலைவுக்குள் ஒன்றோடொன்று போட்டியிடும் கல்லூரிகள் பல எழுந்தமைக்கு ஊராரின் கல்வி வேட்கை மாத்திரம் காரணமன்று. சபைகளின் போட்டியும் காரணமாம்.

இவற்றுள் தனித்து நோக்கத்தக்கது 1823இல் நிறுவப்பட்ட வட்டுக்கோட்டைச் செமினரி. மாணாக்கர் மிஷனின் செலவில் அங்கேயே உண்டு உறைந்து கற்றனர். ஆங்கிலத்தோடு தமிழும், கணிதமும், வானசாத்திரமும் கற்பிக்கப்பட்டன. பஞ்சாங்கக் கணிதத்தையும் மேனாட்டு வானியலையும் அருகருகே வைத்துப் பயிற்றிய பாடசாலை அக்காலத்தில் இந்நாட்டில் வேறு யாதிருந்தது? சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகிய சி. வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும் அங்குக் கற்றவர்களே. மிஷனார் பயிற்றிய அத்தாமோதரம்பிள்ளையே பின்னர்ச் சைவராய் நின்று, கலித்தொகை முதலிய பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தார் என்பது வரலாற்றின் சுவைகளுள் ஒன்று. இத்துணைச் சிறப்புடைய செமினரி 1855இல் மூடப்பட்டது. கற்றோர் மதம் மாறுதலினும் உத்தியோகம் பெறுதலிலேயே நாட்டங்கொண்டனர் என்றும், மிஷன் பணம் கிராமத்துத் தாய்மொழிப் பாடசாலைகளுக்கே செல்லவேண்டும் என்றும் அமெரிக்காவிலிருந்த தலைமைச் சங்கம் கருதியதே அதற்குக் காரணம். யாழ்ப்பாணக் கல்லூரி அதே வட்டுக்கோட்டையில் 1872இற் தோன்றும்வரை பதினேழாண்டு இடைவெளி நிலவியது.

பட்டினத்து உவெஸ்லியன் பாடசாலையின் போக்கு வேறு. பேர்சிவல் பாதிரியாரின் மேற்பார்வையில் வளர்ந்த அது, பட்டினத்துச் சிறுவர் வீட்டிலிருந்து வந்து கற்குமிடமாக விளங்கிற்று. ஆறுமுக நாவலர் அங்குக் கற்றார், அங்கேயே கற்பித்தார், விவிலியத் தமிழாக்கத்திற் பேர்சிவலுக்குத் துணைநின்றார். பாடசாலை ஒன்றை நடத்தும் முறையை அவர் உள்ளிருந்தே கண்டவர். 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை அவர் தொடங்கியபோது, வகுப்புப் பிரிப்பு, அச்சிட்ட பாடநூல், நேர ஒழுங்கு என்பன யாவும் மிஷன் பாடசாலையிற் கண்டவையே. உள்ளீடு மாத்திரம் சைவமும் தமிழும். ஆங்கிலம் இன்றேல் சைவப் பிள்ளைகள் மீண்டும் மிஷன் வாயிலையே நாடுவர் என்பதையும் அவர் உணர்ந்தார். 1872இல் அவர் ஆரம்பித்த ஆங்கில வித்தியாசாலை பொருள்முட்டால் நெடிது நிலைக்கவில்லை.

நாவலருக்கு இயலாதுபோனது, அவர் 1879இல் மறைந்தபின் ஒரு சபையால் இயல்வதாயிற்று. 1888இல் எழுந்த சைவபரிபாலன சபை, பட்டினத்தில் முன்னரே நடைபெற்ற தனியார் ஆங்கிலப் பாடசாலை ஒன்றை 1890இல் ஏற்றது. அதுவே யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி. மிஷன் பாடசாலைகள் அரசாங்க உதவி நன்கொடையை முன்னரே பெற்று நிலைபெற்றிருந்தன. பிந்தி வந்த சைவர் ஊர்ப்பணத்தையும் கட்டணத்தையும் நம்பியே கட்டிடம் எழுப்பினர். 1910இல் மானிப்பாய் இந்துக் கல்லூரியும், பாவலர் துரையப்பாபிள்ளையின் தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியும் தோன்றின. இவற்றைச் சம்பத்திரிசியாரோடும் மத்திய கல்லூரியோடும் ஒப்பிடுவார் நிலத்தையும் கட்டிடத்தையும் நூல்நிலையத்தையும் மாத்திரம் அளவிடாது, எத்தனை ஆண்டு பிந்தி, எவர் பணத்தில் என்பதையும் கூட்டிக் கணித்தல் வேண்டும்.

எனினும் ஒன்று கூறாது விடுதல் தகாது. சைவக் கல்லூரிகள் மிஷன் கல்லூரிகளை எதிர்த்து எழுந்தனவாயினும், அவற்றின் அச்சிலேயே வார்க்கப்பட்டன. அதே கேம்பிரிட்ஜ்ப் பரீட்சை, அதே இலண்டன் மற்றிக்குலேசன், அதே கிரிக்கெற். மத்திய கல்லூரியும் பரி. யோவான் கல்லூரியும் 1904 முதல் ஆடிவரும் ஆட்டத்தை இந்துக் கல்லூரி மாணாக்கரும் வேலியோரம் நின்று பார்த்திருப்பர் என்பதில் ஐயமில்லை. காலைப் பிரார்த்தனையில் வேறுபட்டவை, முதலாம் பாடத்தில் ஒன்றுபட்டன. ஆதலின், கல்வித் தரத்தில் ஒன்றை மற்றொன்றிற் பிரித்தறிவது பெரும்பாலும் வீண் முயற்சி. வேறுபாடு வேறிடத்தில் உளது.

பெண் கல்வியை எடுத்துக்கொள்க. உடுவிலில் அமெரிக்க மிஷனார் பெண்களுக்கு விடுதிப் பாடசாலை அமைத்தது 1824இல். சேர் பொன்னம்பலம் இராமநாதன் மருதனார்மடத்திற் சைவப் பெண்களுக்குக் கல்லூரி நிறுவியது 1913இல். இடைப்பட்ட எண்பத்தொன்பது ஆண்டுகளில் ஆங்கிலம் கற்க விரும்பிய சைவப் பெண் உடுவிலையோ, வேம்படியையோ, 1896இல் வந்த சுண்டுக்குளியையோ நாடவேண்டியிருந்தது. ஆண்மக்களுக்குக் கல்லூரி எழுப்பப் பணம் திரட்டிய அதே கைகள் இதற்கு ஏன் இத்துணை தாழ்த்தன என்னும் வினாவை நம் மலர்கள் போதிய அளவு எழுப்பியதில்லை.

இரண்டாவது வாயில் சாதி. இதில் எச்சமயத்தாரும் பெருமை கொள்ளுதற்கில்லை. மிஷன் பாடசாலைகள் ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பிள்ளைகளை முன்னரே சேர்த்தன என்பது மெய். ஆயின் உயர்குலத்தார் விலகுவர் என அஞ்சி அவற்றுட் பல, அப்பிள்ளைகளை நிலத்திலோ புறம்பான இடத்திலோ இருத்தின. சைவப் பாடசாலைகளிற் பல அவ்வளவுதானும் செய்யவில்லை. 1924இல் தோன்றிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் சமத்துவத்தை வற்புறுத்திற்று. அதன் முன்னணியில் நின்ற ஹன்டி பேரின்பநாயகம் பிற்காலத்திற் கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராயினார். 1930ஐ அண்டிய ஆண்டுகளில், உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளிற் சம ஆசனம் வழங்கவேண்டுமென அரசாங்கம் பணித்தபோது, சைவப் பிரமுகர் சிலர் எதிர்த்து மனுச் செய்தனர். சில பாடசாலைகள் தீக்கிரையாயின. கொட்டிலாயினும் பாடசாலை வேண்டும் என்று உண்டியல் குலுக்கிய நாட்டிலேயே, வாங்கில் யார் இருப்பது என்பதற்காகப் பாடசாலை எரிந்தது.

மூன்றாவது வாயிலாகிய கட்டணம் 1945 ஒக்டோபரிற் கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டத்தாற் பெரிதும் திறந்தது. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி நன்கொடைப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. மத்திய கல்லூரி, ஹாட்லி, வேம்படி என்பன அரசாங்கத்தைச் சேர்ந்தன. 1960களின் தொடக்கத்திலேயே இந்துக் கல்லூரியும் சேர்ந்தது. பரி. யோவான், சுண்டுக்குளி, உடுவில், யாழ்ப்பாணக் கல்லூரி ஆகியன அரசாங்க உதவியின்றித் தனியார் பாடசாலைகளாகத் தொடரத் துணிந்தன. நூற்றாண்டுக்கு மேலாகச் சமயத்தாற் பிரிந்திருந்த கல்லூரிகள் அன்றுதொட்டு நிர்வாகத்தாற் பிரிந்தன.

1970களில் வந்த தரப்படுத்தலும் மாவட்ட ஒதுக்கீடும் பல்கலைக்கழக வாயிலைக் குறுக்கியதை யாவரும் அறிவர். அதன் ஒரு விளைவு அதிகம் பேசப்படுவதில்லை. இன்று கலைத்துறை அல்லாத பெரும்பாலான கற்கைநெறிகளில் நூற்றுக்கு 40 இடங்கள் அகில இலங்கைத் திறமையாலும், 55 இடங்கள் மாவட்ட அடிப்படையிலும் நிரப்பப்படுகின்றன. ஆகவே யாழ்ப்பாணத்து மாணாக்கனுக்குப் பெரிதும் போட்டியாளன் அடுத்த வேலியிலுள்ள மற்றொரு யாழ்ப்பாணத்து மாணாக்கனே. கல்லூரிக்கும் கல்லூரிக்கும் இடையேயான ஒப்பீடு இத்துணைக் கூர்மையடைந்தது இதனாலேயே என்பது எம் துணிபு.

அவ்வொப்பீட்டின் குறையும் இங்கேதான் வெளிப்படுகின்றது. பட்டினத்துத் தேசியப் பாடசாலைகள், தரம் ஐந்து புலமைப்பரிசிற் பரீட்சையின் வெட்டுப்புள்ளியால் தெரிந்தெடுத்த பிள்ளைகளை ஆறாம் வகுப்பிற் சேர்க்கின்றன. பத்து வயதிற் பொறுக்கியெடுத்த மணிகள் பத்தொன்பது வயதில் ஒளிவிடுதல் வியப்பன்று. எஞ்சிய பிள்ளைகளை வைத்துக்கொண்டு, விஞ்ஞான ஆசிரியரைத் தேடி அலையும் தீவகத்துப் பாடசாலை ஒன்று மூவரைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புமாயின், அம்மூவரை எந்த அளவுகோலால் அளப்பது? சேர்ந்தபோது பிள்ளை எங்கு நின்றது, நீங்கும்போது எங்கு நின்றது என்னும் இடைத்தூரமே ஆசிரியன் செய்த பணி.

போர்க்காலம் இக்கணக்கை இன்னும் சிக்கலாக்கிற்று. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் பெயர்ந்தபோது, தெல்லிப்பழை யூனியன் கல்லூரியும் காங்கேசன்துறை நடேஸ்வராக் கல்லூரியும் தம் நிலத்தை இழந்து பிற ஊர்களில் இயங்கின. 1995 ஒக்டோபரில் வலிகாமம் முழுதும் ஒரே இரவிற் பெயர்ந்தது. அவ்வாண்டுகளில் நடேஸ்வராவின் பெயரால் இரவற் கூரையின்கீழ்ப் பரீட்சை எழுதிய பிள்ளைகள் பலர் தம் கல்லூரியின் கட்டிடத்தைக் கண்ணாற் கண்டதில்லை. பெறுபேற்றுப் பட்டியலில் அவர்களுக்கும் மற்றையோர்க்கும் ஒரே நிரல்தான்.