பரமார்த்த குருவும் நம் பிள்ளைகளும்

வேலூர் லாங் பஜாரில் மாலை வேளையில் நடப்பதே ஒரு வித்தை. மூட்டை ஏற்றிய தள்ளுவண்டிகளுக்கும், பேரம் பேசும் கூட்டத்திற்கும் இடையே வழி கண்டு, பின்னாலுள்ள சந்து ஒன்றில் நுழைந்தால் ஒரு திண்ணை இருக்கிறது. கிழமைக்கு ஒருமுறை நாம் சிலர் அங்கே சிறுவர்களுடன் அமர்ந்து படக்கதை வாசித்து வருகிறோம். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகள், உருது பேசும் பிள்ளைகள், தெலுங்கு பேசும் பிள்ளைகள் என எல்லாரும் வருவார்கள். அவர்களுள் சிலரின் தாய்மார் காலணித் தொழிற்சாலைகளில் பணி செய்கிறவர்கள். பொழுது விடிகையில் புறப்பட்டு, விளக்கு வைத்தபின் வீடு திரும்பும் அன்னையிடம் கதை சொல்லச் சொல்லிக் கேட்க எந்தப் பிள்ளைக்குத்தான் மனம் வரும்?

ஒரு நாள் பரமார்த்த குருவின் கதையை எடுத்துக்கொண்டோம். நம்முள் ஒருவர் பெரிய தாள்களில் அதைப் படங்களாக வரைந்து வந்திருந்தார். பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று நம்பிச் சீடர்கள் வாங்கி வரும் இடத்தில் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்போது ஒரு சிறுவன் படத்தைச் சுட்டிக்காட்டி, "சார், இவரு எங்க தெரு சாமியாரா?" என்றான். இன்னொருவன், "எங்க ஹஜ்ரத்தும் இப்படித்தான் தலைப்பாகை கட்டுவாரு" என்றான். சிரிப்பு சட்டென்று நின்றது. பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வாயால் சொல்லியபோது யாரையும் சுடாத கதை, படமாக வந்தவுடன் யாரையோ சுட்டது ஏன்? இதற்கு விடை காண அக்கதையின் வரலாற்றையே நாம் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அகராதியோடு பிறந்த கதை

இத்தாலி நாட்டில் 1680-ஆம் ஆண்டு பிறந்த கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி என்னும் இயேசு சபைத் துறவி, 1710-இல் இந்தியா வந்து, மதுரை மறைப்பணித் தளத்தில் உழைத்து, நமக்கு வீரமாமுனிவர் ஆனார். தேம்பாவணியும் சதுரகராதியும் தந்த அதே கைதான் பரமார்த்த குருவின் கதையையும் எழுதியது. காப்பியத்தில் செந்தமிழின் உச்சியைத் தொட்டவர், இங்கே சாதாரண மக்கள் பேசும் மொழிக்கு இறங்கி வந்தார். இறங்கி வந்தார் என்பதைவிட, அதன் பெருமையை உணர்ந்தார் என்பதே பொருந்தும். தமிழ் கற்க வரும் அயல்நாட்டவர் மக்களின் பேச்சுத் தமிழில் பழகுவதற்குரிய வாசிப்பு நூலாகவே அது பயன்பட்டது. ஆக, வாசிக்கத் தடுமாறும் ஒருவரின் அருகில் அமர்ந்து, சிரிக்க வைத்துக் கற்பிப்பதே அந்நூலின் வேலை.

அதிலுள்ள கதைகளும் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. ஆற்றைக் கடந்தபின் தன்னை விட்டுவிட்டு மற்றவரை எண்ணி, ஒருவன் குறைகிறான் என்று அழும் மூடர் கதை நம் நாட்டிலும் உண்டு. இங்கிலாந்தில் கோதம் என்னும் ஊராரைப் பற்றியும் உண்டு. மூடத்தனம் எந்த நாட்டுக்கும் தனிச்சொத்து அன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

வேற்றுச் சமயக் குருமாரை எள்ளி நகையாடவே பெஸ்கி இதை எழுதினார் என்று குற்றம் சாட்டியவர்கள் உண்டு. அக்குற்றச்சாட்டை நாம் எளிதில் ஒதுக்கிவிடலாகாது. ஆனால் ஐந்து சீடர்களின் பெயர்களைச் சற்றே கவனியுங்கள்: மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன். மிலேச்சன் என்பது அன்னியனை, அதிலும் நம் ஆசாரம் அறியாத அன்னியனைக் குறிக்கும் சொல். ஐரோப்பியரை அந்நாளில் இந்நாட்டவர் பலர் அப்படித்தான் கருதினர். அச்சொல்லைத் தம் மூடர் வரிசையில் சேர்த்தபோது, தம்மைப் போன்றோருக்கும் அந்தப் பந்தியில் ஓர் இலை போட்டுவைத்தார் ஆசிரியர் என்றே நாம் கொள்கிறோம். தன்னையும் சேர்த்துச் சிரிப்பவனுடைய சிரிப்பில் நஞ்சு இராது.

இலண்டனில் வரைந்த படங்கள்

1822-ஆம் ஆண்டு, சென்னை மாகாணத்தில் பணியாற்றிய பெஞ்சமின் பாபிங்டன் இந்நூலைத் தமிழ் மூலத்தோடும் ஆங்கில மொழிபெயர்ப்போடும் இலண்டனில் அச்சிட்டார். சொல்லகராதியும் அதில் இணைந்திருந்தது. அதுவரை நூலின் நோக்கம் மாறவில்லை.

1861-இல் அதே கதை வேறு கோலத்தில் வெளிவந்தது. ஆல்பிரட் குரோக்குவில் என்னும் புனைபெயர் கொண்ட இலண்டன் நகைச்சுவை ஓவியர் ஐம்பது படங்கள் வரைந்து அதை அலங்கரித்தார். நம் நாட்டுப்புறக் கதை ஒன்று இத்தனை படங்களோடு நூலானது அக்காலத்தில் அரிய நிகழ்ச்சியே. ஆனால் சீடர்களின் பெயர்கள் நூடுல், டூடுல், வைஸேக்கர், ஸேனி, ஃபூஸில் என்று மாறின. மிலேச்சன் மறைந்தான், அவனோடு அன்னியனுக்குப் போட்ட இலையும் எடுபட்டது. தமிழில் நாம் நம்மைப் பார்த்துச் சிரித்த கதை, அங்கே கீழைநாட்டாரைப் பார்த்து மேலைநாட்டார் சிரிக்கும் கதையாயிற்று. கதை மாறவில்லை, சிரிப்பின் திசை மாறியது.

இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. "ஒரு ஊரில் ஒரு குரு இருந்தார்" என்று வாய் சொன்னால், கேட்கும் ஒவ்வொரு பிள்ளையும் தனக்கென ஒரு குருவைப் படைத்துக்கொள்கிறது. ஓவியரோ ஒரே ஒரு குருவைத்தான் வரைய முடியும். அவருக்கு ஒரு நிறத்தில் ஆடை உடுத்த வேண்டும். தலைப்பாகை கட்ட வேண்டும். நெற்றியில் ஏதேனும் இட வேண்டும், அல்லது இடாமல் விட வேண்டும். அந்தக் கணமே அவர் யாரோ ஒருவருடைய குருவாகிவிடுகிறார்.

தூரிகை யார் கையில்?

இதனால் படக்கதையே வேண்டாம் என்பது நம் கருத்தன்று. 1947-இல் நாகிரெட்டியும் சக்கரபாணியும் தொடங்கிய அம்புலிமாமா எத்தனை தலைமுறையை வாசிக்க வைத்தது! வேதாளத்தைத் தோளில் சுமந்து, வாளேந்தி நடக்கும் விக்கிரமாதித்தனை நம் கண்ணில் நிறுத்தியவர் 2020-இல் மறைந்த ஓவியர் சங்கர். அம்புலிமாமா இன்று வெளிவருவதில்லை. அந்தப் படமோ அழியவில்லை. கிரேக்கத் தேவர்களைப் பற்றிய வினாவுக்கு விடை சொன்ன பிள்ளைகள் இராமனின் தாய் பெயரைச் சொல்ல முடியாமல் விழித்ததைத் தொலைக்காட்சியில் கண்டு வருந்திய அனந்த் பை, 1967-இல் அமர் சித்திரக் கதை வரிசையைத் தொடங்கினார். 1972-இல் சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸ் அயல்நாட்டு வீரர்களைத் தமிழ் பேச வைத்தது. படமும் பேச்சுக் குமிழும் இல்லாதிருந்தால் புத்தகத்தைத் தொட்டே இராத கைகள் எத்தனையோ!

சென்னையில் 1994-இல் தோன்றிய தாரா பதிப்பகம் வேறொரு வழியைக் காட்டியது. 1995-இல் வந்த அதன் பசித்த சிங்கத்தின் கதை, வார்லி பழங்குடியினரின் ஓவிய மரபைத் தழுவிய படங்களால் ஆனது. 2011-இல் வந்த சீதையின் இராமாயணமோ, வங்காளத்தில் படச்சுருளை விரித்துப் பாடிக் கதை சொல்லும் மரபைச் சேர்ந்த மொய்னா சித்திரகர் என்னும் பெண்ணின் ஓவியங்களைக் கொண்டது. கதையைக் காத்துவந்த மக்களின் கையிலேயே தூரிகையையும் கொடுப்பது இவ்வழி.

பட்டியலில் இல்லாத குரு

அடுத்த கிழமை நாம் படத் தாள்களைக் கொண்டு செல்லவில்லை. வெறுந்தாளும் வண்ணக் கோல்களும் எடுத்துச் சென்றோம். கதையை வாயால் சொல்லிவிட்டு, "குருவை நீங்களே வரையுங்கள்" என்றோம்.

அன்று சொன்னது குதிரைச் சவாரிக் கதை. வழியில் குருவின் தலைப்பாகை விழுகிறது; எடுக்கச் சொல்லவில்லையே என்று சீடர்கள் விட்டுவிடுகிறார்கள். விழுவதையெல்லாம் எடுங்கள் என்றதும், குதிரையின் சாணத்தையும் எடுத்துத் தலைப்பாகையில் இடுகிறார்கள். பொறுக்கமாட்டாத குரு, எடுக்க வேண்டிய பொருள்களை ஓலையில் எழுதிக் கொடுக்கிறார். பிறகு அவரே பள்ளத்தில் விழுகிறார். சீடர்கள் ஓலையைப் படித்துப் பார்க்கிறார்கள். குருவின் பெயர் அதில் இல்லை! குழியில் கிடந்தபடியே அவர் தம் பெயரை எழுதிச் சேர்த்த பின்னரே தூக்கிவிடுகிறார்கள்.

எழுத்தறிந்தும் வாசிக்கத் தெரியாதவர்களின் கதை இது. எழுத்துக் கூட்டத் தெரிந்த பிள்ளையிடம் ஒரு படப்புத்தகத்தைக் கொடுத்துவிட்டு, நம் கடமை முடிந்தது என்று எழுந்து போகிற பெற்றோரும் ஆசிரியரும், நாமும்கூட, அந்த ஓலையை எழுதிய குருவுக்கே உறவினர். பக்கத்தில் அமர்ந்து, இந்தச் சிரிப்பு யாரை நோக்கியது என்று பிள்ளையோடு சேர்ந்து கேட்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளின் பெயர் எந்தப் புத்தகத்தின் பட்டியலிலும் இராது.

பிள்ளைகள் வரைந்து முடித்தார்கள். ஒருத்தி தன் தாத்தாவைக் குருவாக்கியிருந்தாள். ஒருவன் காவல்காரரை. ஹஜ்ரத்தைப் பற்றிச் சொன்ன சிறுவனின் தாளை வாங்கிப் பார்த்தோம். மூக்குக்கண்ணாடி அணிந்து, கையில் புத்தகத்தோடு ஒருவர் குதிரையிலிருந்து தலைகீழாக விழுந்துகொண்டிருந்தார். நம் முகச்சாயல் நன்றாகவே பொருந்தியிருந்தது. அன்று திண்ணையில் முதலில் சிரித்தவர்கள் நாம்தான்.