பெரியப்பா குடித்த சூப்

போன மாதம் சென்னை போயிருந்தபோது பேரன் ஒரு வியட்நாம் ஹோட்டலுக்குக் கூட்டிப் போனான். பலகையில் 'ஃபோ' என்று இருந்தது. 'ஃபா' என்றுதான் சொல்ல வேண்டுமாம். மாட்டெலும்பைப் பட்டை, அன்னாசிப்பூவோடு மணிக்கணக்காகக் கொதிக்கவைத்து இறக்கிய தெளிந்த சாறு, அதற்குள் அரிசி நூடுல்ஸ். நான் கோழி போட்டதை வாங்கிக்கொண்டேன். ஹனோய்ப் பக்கம் பிறந்த பண்டம் இது, 1954-ல் நாடு இரண்டானபோது தெற்கே வந்த லட்சக்கணக்கான ஜனங்களோடு சைகோனில் பரவியது, 1975-க்குப் பிறகு அகதிகளோடு அமெரிக்காவுக்கும் போனது என்று பேரன் போனைப் பார்த்து வாசித்தான். எனக்கு மனசு பாரிமுனைக்குப் போய்விட்டது.

நம்மிடமும் அப்படி ஒரு நூடுல்ஸ் உண்டு. அத்தோ. சென்னையில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். சாயங்காலமானால் பர்மா பஜாருக்குப் பின்னால், செகண்ட் லைன் பீச்சில் தள்ளுவண்டிகள் வந்து நிற்கும். தடித்த ஆரஞ்சு நிற நூடுல்ஸ், சீவிய முட்டைக்கோஸ், பச்சை வெங்காயம், பொரித்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், நொறுக்கிய பேஜோ எல்லாவற்றையும் ஒரு ஏனத்தில் போட்டுக் கையாலேயே பிசைவார்கள். பர்மியப் பாஷையில் 'அத்தோ' என்றாலே பிசைந்தது என்றுதான் அர்த்தம். பக்கத்தில் கொதிக்கிற வாழைத்தண்டு சூப்பைக் கேட்கக் கேட்க ஊற்றுவார்கள். கூட்டத்தில் உட்கார இடம் கிடைக்காது. நின்றுகொண்டேதான் சாப்பிட வேண்டும்.

நான் முதலில் அந்தப் பக்கமே போகமாட்டேன். பர்மா பஜார் என்றால் கள்ளக்கடத்தல் டேப்ரிக்கார்டர், சென்ட் பாட்டில் என்றுதான் அப்போது எல்லோருக்கும் நினைப்பு. அந்தக் கடைக்காரர்கள் யார், ஏன் வந்தார்கள் என்று நானும் விசாரித்ததில்லை. இப்போது நினைத்தால் வெட்கமாகத்தான் இருக்கிறது.

1931 கணக்கெடுப்பில் ரங்கூன் ஜனத்தொகையில் பாதிக்கு மேல் இந்தியர்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கினவரும் அரிசி ஆலையில் வேலை செய்தவரும் வட்டிக்குக் கொடுத்த செட்டியாரும் அதில் சேர்த்தி. 1930-களின் விலைவீழ்ச்சியில் விவசாயிகள் கடனைக் கட்ட முடியாமல் போக, கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நிலத்தில் கால்பங்கு செட்டியார்கள் கைக்கு வந்தது. பர்மியருக்கு நம் ஆட்கள் மேல் வந்த கோபத்துக்கு இது பெரிய காரணம். அடி வாங்கினது என்னவோ பெரும்பாலும் கூலிக்காரன்தான்.

1962-ல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964 மார்ச்சில் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. மே மாதம் 50, 100 கியாத் நோட்டு செல்லாது என்றார்கள். சுமார் 3 லட்சம் இந்தியர்கள் வெளியேறினார்கள். கப்பலேறும்போது நகை, பணம் எல்லாவற்றையும் சோதனை போட்டுப் பறித்துக்கொண்டார்கள். சென்னையில் முகாம். 1969-ல் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே சாலையோரம் கடை போட இடம் கொடுத்தார்கள், அதுதான் பர்மா பஜார். சிலருக்கு இங்கே ஒட்டவில்லை. பிறந்த ஊருக்கே நடந்து போகிறோம் என்று மணிப்பூர் வரை போய், எல்லையில் தடுக்கப்பட்டு, மோரே என்ற ஊரிலேயே தங்கிவிட்டார்கள். இன்றைக்கும் அங்கே தமிழர்களும் தமிழ்க் கோயிலும் உண்டு.

என் பெரியப்பா அதற்கு முந்தின கூட்டம். ஏரலில் இருந்து பதினாறு வயதில் ரங்கூன் போனவர். 1941 டிசம்பர் 23-ல் ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டான். அடுத்த சில மாதங்களில் நாலைந்து லட்சம் இந்தியர்கள் கிளம்பினார்கள், பெரும்பாலோர் காட்டு வழியில் கால்நடையாக. பல்லாயிரம் பேர் காலராவிலும் பசியிலும் வழியிலேயே போய்விட்டார்கள். பெரியப்பா வந்தது தமு, இம்பால் வழி. மோரே அந்த வழியில்தான் இருக்கிறது. போகும்போது இரண்டு பேராகப் போனவர்கள், திரும்பினது அவர் ஒருவர். கூடப் போன சித்தப்பாவைப் பற்றி வீட்டில் யாரும் கேட்கக் கூடாது. பெரியப்பா பர்மா என்ற வார்த்தையையே எடுக்கமாட்டார்.

1976-ல் கண் ஆபரேஷனுக்காகச் சென்னை வந்து என்னோடு தங்கினார். கட்டு அவிழ்த்த பிறகு ஒருநாள் ஆபீஸ் பக்கம் கூட்டிக்கொண்டு வந்தேன். செகண்ட் லைன் பீச் திரும்பினதும் நின்றுவிட்டார். பூண்டு எண்ணெய் வாசனைதான். வண்டிப் பக்கம் போய் அந்த ஆளிடம் பர்மிய மொழியில் ஏதோ கேட்டார். முப்பத்து நாலு வருஷம் பேசாத பாஷை, தட்டுத் தடுமாறாமல் வந்தது. அவனும் பதில் சொன்னான். இரண்டு பேரும் பத்து நிமிஷம் பேசினார்கள். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. அத்தோவை அவர் தொடவில்லை. சூப்பை மட்டும் வாங்கிக் குடித்தார். இரண்டாவது கிண்ணமும் வாங்கினார். காசு கொடுத்தால் அவன் வாங்க மறுத்துவிட்டான்.

பர்மாவில் அந்தச் சூப்புக்கு மொய்ங்கா என்று பேர். காலைப் பலகாரம். மீனை வேகவைத்து உதிர்த்து வாழைத்தண்டோடு கொதிக்கவிட்டு, நூடுல்ஸை அதற்குள்ளேயே போடுவார்கள். மெட்ராஸில் சைவக்காரரும் வருவார்களே, அதனால் மீனை எடுத்துவிட்டார்கள் போல.

பஸ் ஏறி மவுண்ட் ரோடு தாண்டுகிற வரை பெரியப்பா வாய் திறக்கவில்லை. "என்ன பெரியப்பா பேசினிய?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"மீன் போடலைல அவன்" என்றார். அதற்கு மேல் அன்றைக்கும் சொல்லவில்லை, ஏரலுக்குத் திரும்பின பிறகும் சொல்லவில்லை.