தசைநாண் தையல் முறைகளின் வலிமை

அறுந்த தசைநாணைத் தைத்த இடம் எவ்வளவு இழுவிசை வரை அறாமலும் விலகாமலும் தாங்கும் என்பதே தசைநாண் தையலின் வலிமை. இது நியூட்டன் அலகில் அளக்கப்படுகிறது. விரலை மடக்கும் தசைநாண்களில்தான் இந்த ஒப்பீடு விரிவாக நடந்துள்ளது. தைத்த விரலை அசைக்காமல் வைத்தால் தசைநாண் சுற்றியுள்ள உறையோடு ஒட்டி, விரல் விறைத்துவிடும். சீக்கிரமே அசைக்க வேண்டுமானால் தையல் உறுதியாக இருக்க வேண்டும்.

தாங்க வேண்டிய விசை

மணிக்கட்டு அறுவையின்போது நேரடியாக அளந்த 1992ஆம் ஆண்டு ஆய்வொன்றில், பிறர் விரலை அசைக்கும்போது தசைநாணில் 9 நியூட்டன் வரையும், நோயாளி தானே மடக்கும்போது 35 வரையும், விரல்நுனியால் அழுத்திப் பிடிக்கும்போது 120 வரையும் விசை பதிவானது. வீக்கம் இருந்தால் மடக்குவதற்கு இன்னும் கூடுதல் விசை தேவைப்படும்.

மைய இழைகள்

வலிமையைப் பெரிதும் தீர்மானிப்பது, வெட்டுவாயைக் கடந்து செல்லும் மைய இழைகளின் எண்ணிக்கை. கெஸ்லர் எனப்படும் ஈரிழைத் தையல் ஏறத்தாழ 20 முதல் 30 நியூட்டனில் அறுகிறது. நான்கிழை முறைகள் 40 நியூட்டனை ஒட்டியும், சாவேஜ் என்பவர் 1985இல் விவரித்தது போன்ற ஆறிழை முறைகள் அதற்கு மேலும் தாங்குகின்றன. ஊசி வெட்டுவாயிலிருந்து 7 முதல் 10 மில்லிமீட்டர் தள்ளி நுழைய வேண்டும். அதைவிட நெருங்கினால் நூல் நார்களைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். நார்களை இறுக்கிப் பிடிக்கும் பூட்டுக் கண்ணிகளும், 4-0 நூலைவிடத் தடித்த 3-0 நூலும் பிடிப்பைக் கூட்டும்.

விளிம்புத் தையல்

வெட்டுவாயைச் சுற்றி மெல்லிய நூலால் போடும் தொடர்தையல் மேற்பரப்பை வழவழப்பாக்குகிறது; வலிமையைக் கூட்டி, முனைகள் விலகுவதையும் தடுக்கிறது. நாய்களில் செய்து 1999இல் வெளியான ஆய்வில், 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி விழுந்த தசைநாண்கள் ஆறு வாரமாகியும் வலுப்பெறவில்லை. எனவே நூல் அறும் விசையோடு, இடைவெளி தோன்றும் விசையையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும்.

ஒப்பீட்டின் எல்லை

பெரும்பாலான எண்கள் சடலத்தின் தசைநாண்களிலும் பன்றி, ஆட்டுத் தசைநாண்களிலும் எடுக்கப்பட்டவை. ஒரே இழுப்பில் அறும் விசை, பலமுறை இழுத்துத் தளர்த்தும் சோதனையின் முடிவோடு ஒத்துப்போவதில்லை. ஆறும் போக்கில் முதல் சில வாரங்களில் முனைகள் மென்மையாவதையும் ஆய்வகம் காட்டாது. இழைகள் கூடினால் தையல் பருத்து, குறுகிய உறைக்குள் உரசும். முனைகளைக் கையாளும் நேரமும் கூடும். வலிமைக்கும் இந்தக் குறைகளுக்கும் நடுவே சமநிலை தருவதால், விளிம்புத் தையலுடன் கூடிய நான்கிழை முறையைப் பல கை அறுவை மருத்துவர்கள் தேர்கிறார்கள். அதிக எடை தாங்கும் தையலைவிட, விரல் தடையின்றி நழுவவும் சீக்கிரம் அசையவும் இடம்கொடுக்கும் தையலே நோயாளிக்கு நல்லது.