செஞ்சிக்கு எத்தனை அளவுகோல்கள்?

செஞ்சிக் கோட்டையை ஆண்டவர்களின் காலத்தை ஒரு வரைபடமாகத் தீட்டிப் பார்ப்போம். கிடையச்சில் ஆட்சியாளர்கள், இடப்புறச் செங்குத்து அச்சில் ஆண்டுகள். நாயக்கர்களுக்கு நூற்றாண்டைத் தாண்டிய நெடிய பட்டை எழும். 1649 வாக்கில் கோட்டையைக் கைப்பற்றிய பீஜப்பூர் சுல்தான்களுக்கு ஏறத்தாழ 28 ஆண்டுகள். 1677இல் சிவாஜியிடம் வந்த கோட்டை, எட்டாண்டு முகலாய முற்றுகைக்குப் பின் 1698இல் வீழ்ந்தது; ஆக மராட்டியர்களுக்கு 21. 1750 முதல் 1761 வரை பிரெஞ்சுக்காரர்களுக்கு 11.

இவர்களிடையே தேசிங்கு ராஜனை எங்கே வைப்பது? புந்தேலா ராஜபுத்திரரான சொரூப்சிங்கின் மகன் தேஜ்சிங், தந்தைக்குப் பின் கோட்டைப் பொறுப்பேற்று, ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கானை எதிர்த்து 1714 அக்டோபரில் போரில் மாண்டான். ஓராண்டுகூட நிறையாத ஆட்சி. நாயக்கர்களுக்கு ஏற்ற அளவுகோலில் அவனது பட்டை அடிக்கோட்டோடு ஒட்டிக் கண்ணுக்குத் தெரியாமற் போகும்.

ஆனால் தமிழ் மக்கள் பாடியது அவனைத்தான். நீலவேணிக் குதிரையும், மணக்கோலத்திலிருந்து போருக்கு ஓடிவந்த இசுலாமிய நண்பனும் கதைப்பாடலில் வாழ்கிறார்கள். 1960இல் அக்கதை எம்.ஜி.ஆர். நடிக்கத் திரைப்படமாகவும் வந்தது. இந்த நினைவை அளக்க வலப்புறத்தில் இன்னொரு செங்குத்து அச்சு வேண்டும். அதில் தேசிங்கு உச்சியில் நிற்பான்; கல்யாண மகாலையும் களஞ்சியங்களையும் விட்டுச்சென்ற நாயக்கர்கள் தரையோடு தரையாகக் கிடப்பார்கள்.

2025 ஜூலையில் மூன்றாவது அச்சும் சேர்ந்தது. மராட்டியப் படைத்தள நிலவமைப்புகள் என்ற பெயரில் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களாக ஏற்ற 12 கோட்டைகளில் செஞ்சியும் ஒன்று. மற்ற பதினொன்றும் மகாராட்டிரத்தில் உள்ளவை. இவ்வச்சில் 21 ஆண்டுகளே மிக உயர்ந்த பட்டையாகின்றன.

பல அச்சுகள் கொண்ட வரைபடத்தில் ஓர் ஆபத்து உண்டு. ஒவ்வோர் அச்சின் அளவையும் வரைபவரே தேர்ந்துகொள்வதால், ஓர் அச்சின் பட்டையை மற்றோர் அச்சின் பட்டையோடு ஒப்பிட்டு எது உயரம் என்று கேட்பதில் பொருளில்லை. பாடலைக் கொண்டு ஆட்சியை அளப்பதும், ஆட்சிக்காலத்தைக் கொண்டு பாடலைப் பொய்யென்று தள்ளுவதும் இப்பிழையின் இரு வடிவங்களே. செஞ்சியைப் பற்றி எழுதுவோர் ஒவ்வொரு கூற்றுக்கும் எந்த அச்சில் நின்று பேசுகிறோம் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும் என்பதே நம் கருத்து.