இரண்டு அவுன்ஸ் தேயிலை

ஒரு சர்க்கார் தேயிலையைச் சமமாகப் பங்கிட்டுவிடலாம். அதைக் குடிக்கும் நாக்குகளைச் சமமாக்க முடியாது. யுத்த காலத்து இங்கிலாந்தே இதற்குச் சாட்சி.

1940 ஜூலையில் அங்கே தேயிலைக்கு ரேஷன் வந்தது. ஆளுக்கு வாரம் இரண்டு அவுன்ஸ். அதாவது சுமார் 57 கிராம். பிரபுவுக்கும் அதே அளவு, அவர் வீட்டுச் சமையற்காரிக்கும் அதே அளவு. நியாயமான ஏற்பாடுதான். ஆனால் பிரபுவுக்குக் கடுந்தேநீர் வேண்டும், அவர் மனைவிக்கோ வெந்நீரில் நிறம் ஏறினாலே போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருக்கும் இலையை யார் சொற்படி போடுவது? எப்படிப் போட்டாலும் ஒரு கோப்பை திரும்பி வரும். பழி சமையற்காரியின் கைப்பக்குவத்தின்மேல் விழும். 1944 டிசம்பரில், எழுபது வயதைத் தாண்டியவர்களுக்கு மட்டும் இன்னும் ஓர் அவுன்ஸ் கொடுத்தார்கள். முதியோரிடம் காட்டிய கருணை அது. வயதானால் நாக்கின் சுரணை குறைவது உண்டாகையால், தெரிந்தோ தெரியாமலோ சர்க்கார் சாஸ்திரத்துக்கும் இசைந்து நடந்துவிட்டது!

ரேஷன் நீங்காத 1946 ஜனவரியில், நாவலாசிரியர் ஜார்ஜ் ஆர்வெல் ‘ஈவினிங் ஸ்டாண்டர்டு’ பத்திரிகையில் நல்ல தேநீருக்குப் பதினொரு விதிகள் எழுதினார். ஏறக்குறைய ஒரு லிட்டர் கொள்ளும் பாத்திரத்துக்குத் தலைதட்டாமல் ஆறு தேக்கரண்டி இலை! நீர்த்த தேநீர் இருபது கோப்பையைவிடக் கடுந்தேநீர் ஒரு கோப்பையே மேல் என்பது அவர் கட்சி. சில விதிகள் சர்ச்சைக்கு இடமானவை என்று ஒப்புக்கொண்டார் என்பது வாஸ்தவமே. ஆயினும் சர்வாதிகாரத்தை அவ்வளவு எதிர்த்த மனிதர், தேநீர் விஷயத்தில் பிறர் நாக்குக்கு ஓட்டுரிமை தந்ததாகத் தெரியவில்லை.

இத்தனைக்கும், அந்தச் சமையற்காரிக்காக வாதாடக்கூடிய வக்கீல் ஒருவர் 1931-லேயே அமெரிக்காவில் கிடைத்திருந்தார். டூபாண்ட் கம்பெனியின் ரசாயன நிபுணர் ஆர்தர் ஃபாக்ஸ் ஒரு தூளைக் கையாளும்போது அது காற்றில் பறந்தது. உடன் வேலை செய்த நோலர் என்பவர், கசக்கிறது என்று முகம் சுளித்தார். தூளுக்கு இன்னும் நெருக்கத்தில் நின்ற ஃபாக்ஸுக்கோ ஒன்றுமே தெரியவில்லை. இருவரும் தர்க்கம் செய்தார்கள்; நாக்கில் வைத்தும் பார்த்தார்கள். அப்போதும் ஒருவருக்குக் கசப்பு, மற்றவருக்குச் சப்பு. பிறகு பலருக்கும் கொடுத்துப் பார்த்ததில் மனிதர்கள் இப்படியே இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். இந்த வித்தியாசம் பரம்பரையாக வருவது என்றும் விரைவிலேயே தெளிவாயிற்று. அதற்குப் பெரும்பாலும் காரணமான மரபணுவை 2003-ல் கண்டுபிடித்தார்கள்.

தேயிலையில் அந்தத் தூள் கிடையாது. ஆனால் கசக்கும் காபீனும் துவர்ப்புச் சத்துகளும் உண்டு. அப்படியானால் கசப்பு நன்றாகத் தெரிகிறவர்கள் தேநீரை வெறுப்பார்கள் என்றுதானே நினைப்போம்? பிரிட்டனில் நாலு லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் விவரங்களை வைத்துச் செய்த ஓர் ஆராய்ச்சி 2018-ல் வெளிவந்தது. ஃபாக்ஸின் தூளுக்கு உறவான ஒரு மருந்தின் கசப்பையும் கொயினாக் கசப்பையும் கூர்மையாக உணரும் பரம்பரைக்காரர்கள் தேநீரைத்தான் அதிகம் குடித்தார்கள், காப்பியைக் குறைத்துக்கொண்டார்கள். காபீனின் கசப்பை நன்றாக உணர்கிறவர்களோ காப்பியை நாடினார்கள்! நாக்கின் போக்கு நம் தர்க்கத்துக்கு அடங்குவதில்லை. காப்பிக் கசப்புக்கு அஞ்சியவர்களுக்குத் தேநீர் ஒரு புகலிடம் போலும். இலையைக் குறைக்கலாம், சீக்கிரம் வடிக்கலாம், பால் விடலாம். பாலில் உள்ள புரதம் துவர்ப்பைப் பற்றி அடக்கிவிடும். இவை போதாமல் பிறந்த வீட்டுப் பழக்கம் வேறு இருக்கிறது. கரண்டியைப் பிடிப்பது மரபணு மட்டுமல்ல.

1952 அக்டோபரில் ரேஷன் போயிற்று. 1980-ல், சோதனைக்காகத் தேநீர் தயாரிக்கும் முறைக்குச் சர்வதேச அளவுகோல் ஒன்று வந்தது: 100 மில்லி நீருக்கு 2 கிராம் இலை, ஆறு நிமிஷம். தேயிலையைத் தேயிலையோடு ஒப்பிடுவதற்கு வகுத்த அளவு அது. வீட்டில் எத்தனை கரண்டி போடுவது என்ற பேச்சையே அது எடுக்கவில்லை.